அக்கா என்று போட்ட கையெழுத்து

நோட்டீஸ் ஒட்ட வந்தவன் கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தாலும் நான் எழுந்து போயிருக்க முடியாது. என் வீட்டுக்காரர் கையில் அப்போதுதான் இரண்டாவது ஊசியைக் குத்திக்கொண்டிருந்தேன். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் அவருடைய ரத்தம் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் மெஷினுக்குள் போய், சுத்தமாகித் திரும்ப உடம்புக்குள் வர வேண்டும். நாலு மணி நேரம் ஆகும். ஊசி குத்துவதும் மெஷினைக் கழுவுவதும் நான்தான். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் பழக்கி, பரீட்சை வைத்து, நான் தேறிய பிறகுதான் மெஷினை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மத்தியானம் வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தேன். வெளிப்பக்கம் பசை ஈரம் காயாமல் ஒரு தாள். வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் கட்டப்படவில்லை, வீடு பேங்க் கைக்கு வந்துவிட்டது, ஏலம் விடப்போகிறோம், உள்ளே இருப்பவர்கள் இருபத்தொரு நாளில் காலி செய்ய வேண்டும். அடமானம் வைத்தது வீட்டு ஓனர். கட்டாதது வீட்டு ஓனர். தெருவில் நிற்க வேண்டியது மட்டும் நாங்களா? அந்தத் தாளைக் கிழிக்கப் போனேன். கிழித்தால் குற்றம் என்று அதற்குக் கீழேயே பொடி எழுத்தில் போட்டிருந்தான்.

ஓனருக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தான். இருபது தடவை போட்டேன். நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் சிரிச்ச மூஞ்சி. வாடகை வாங்க வந்தாலும் சிரிப்பு, குழாய் உடைந்தது என்றாலும் சிரிப்பு. கடன்காரனிடமும் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டிருப்பான்.

அன்று மத்தியானம் என்னிடம் பாடம் படித்த பிள்ளைகள் பாவம். நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள், பத்தொன்பது வருடமாக. முதுகுக்குப் பின்னால் என்னை ‘பிரேக் மேடம்’ என்கிறார்கள், அதுவும் எனக்குத் தெரியும். அன்று ஒரு பையன் சிக்னலில் வண்டியை மூன்று தடவை அணைத்துவிட்டான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, “விடுங்கம்மா, சின்னப் பையன்” என்றார். அவருக்கும் இரண்டு திட்டு கிடைத்தது.

வேறு வீடு பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த மெஷின் பெட்டி படுக்கை இல்லை, தூக்கிக்கொண்டு போக. அதற்குத் தனித் தண்ணீர்க் குழாய் வேண்டும், தனி வடிகால் வேண்டும், தனி மின்சார லைன் வேண்டும். சுவரை உடைக்க ஒத்துக்கொள்கிற ஓனர் வேண்டும். பிறகு ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து தண்ணீரைச் சோதித்து முத்திரை குத்த வேண்டும். எப்படிப் பார்த்தாலும் நாலு மாதம். அதுவரை அவர் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். அங்கே இருந்த ஒன்றரை வருடத்தில் இரண்டு தடவை ரத்தத்தில் கிருமி ஏறி அவரைச் சாகும் வரை கொண்டுபோய்விட்டது. “மூணாவது தடவை வந்தா உடம்பு தாங்காதும்மா” என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். ஆகவே வீடு என்று நான் சொல்லும்போது நாலு சுவரைச் சொல்லவில்லை. அவரைச் சொல்கிறேன்.

மறுநாள் பேங்குக்குப் போனேன். மூன்று கவுண்டர் மாற்றி மாற்றி அனுப்பி, கடைசியில் கடன் வசூல் பிரிவில் ஒரு பெண் முன்னால் உட்கார வைத்தார்கள். பொறுமையான பெண். நான் கொண்டுபோன வாடகை ஒப்பந்தத்தை மேஜையில் வைத்தேன்.

“அஞ்சு வருஷத்துக்கு எழுதின ஒப்பந்தம்மா இது. இன்னும் பதினாலு மாசம் பாக்கி இருக்கு. இருபத்தொரு நாள்ல எப்படிக் காலி பண்றது?”

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “வாடகைக்கு யாருமே இல்லைன்னுதானே பைல்ல இருக்கு. ஓனரோட அக்கா குடும்பம் சும்மா தங்கியிருக்கறதா போட்டிருக்கு. அந்த அக்காவே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க.” பிறகு என்னைப் பார்த்தாள். “நீங்க யாரு?”

“அந்த அக்கா நான்தான்” என்றேன். “ஆனா நான் அவனுக்கு அக்கா இல்ல.”

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஒப்பந்தத்தை என் பக்கம் மெதுவாகத் தள்ளி வைத்தாள். “நீங்க ஒரு வக்கீலைப் பார்க்கறது நல்லதும்மா” என்றாள்.

நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டரை வருடத்துக்கு முன்னால் சிரிச்ச மூஞ்சி ஒருநாள் சாயங்காலம் வந்தான். வீட்டின் பேரில் கடன் வாங்கப்போகிறானாம். மறுநாள் பேங்கிலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வருமாம். “வாடகைக்கு விட்டிருக்கேன்னு தெரிஞ்சா ரொம்பக் கம்மியாத்தான் குடுப்பாங்க அக்கா. நீங்க என் கூடப்பிறந்த அக்கான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேப்பாங்க, அவ்வளவுதான்” என்றான்.

எங்களுக்கு வீடு கேட்டு நான் ஏறி இறங்கிய வாசல்கள் எத்தனை என்று எனக்குத்தான் தெரியும். நோயாளி என்றதும் கதவைச் சாத்தினார்கள். சுவரை உடைக்க வேண்டும் என்றதும் போனை வைத்தார்கள். இவன் ஒருவன்தான், “அதுக்கென்ன அக்கா, உடைங்க. சுவர் பெருசா, மனுஷன் பெருசா” என்றவன். அவன் சுவரைக் கொடுத்தான், நான் ஒரு கையெழுத்துக் கொடுக்கக் கூடாதா? நன்றி என்று நினைத்துத்தான் செய்தேன். பொய் என்று தெரிந்தும் செய்தேன்.

அதோடு நிறுத்தினேனா? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பேங்க் ஆள் அளவெடுத்துக்கொண்டே, “தம்பி எப்படி, உங்களைப் பார்த்துக்கறாரா?” என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். உடனே எனக்குள் எவளோ ஒரு நாடகக்காரி எழுந்துவிட்டாள். “தங்கமான பையன் சார். சின்ன வயசுலதான் சேட்டை. மரத்துல ஏறி விழுந்து கையை உடைச்சுக்கிட்டான். ரெண்டு மாசம் நான்தான் சோறு ஊட்டினேன்” என்று அளந்தேன். அவர் சிரித்தார். சிரிச்ச மூஞ்சியும் சிரித்தான். கட்டிலில் இருந்து என் வீட்டுக்காரர் மட்டும் முறைத்தார். ஆள் போன பிறகு, “வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறே” என்றார். “உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்” என்று அவர் வாயை அடைத்தேன்.

இலவச சட்ட உதவி மையம் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து உள்ளே போனால் மேஜைக்குப் பின்னால் ரிவர்ஸ் உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடத்துக்கு முன் என்னிடம் கார் கற்றுக்கொண்டவள். முன்னால் போவதெல்லாம் அழகாகப் போவாள், பின்னால் எடுக்கச் சொன்னால் குப்பைத் தொட்டியைத் தேடிப் போய் இடிப்பாள். அதனால் நான் வைத்த பெயர்.

“மேடம், நீங்களா” என்று எழுந்தே நின்றுவிட்டாள். “உக்காருங்க. நாலு மாசம் உங்ககிட்டத் திட்டு வாங்கியிருக்கேன். இன்னைக்கு என் முறை வந்தாலும் வரும்.”

வந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் பேனாவை மூடி வைத்தாள். “ஏன் மேடம் இப்படிப் பண்ணீங்க?” என்றாள். நான் குப்பைத் தொட்டிகளை நினைத்துக்கொண்டு திட்டை வாங்கிக்கொண்டேன்.

பிறகு விளக்கினாள். “சட்டம் உங்க பக்கம்தான் இருக்கு. வீட்டை அடமானம் வைக்கறதுக்கு முன்னாடியே நியாயமான வாடகை ஒப்பந்தம் இருந்தா, பேங்க் வீட்டை எடுத்தாலும் அந்த ஒப்பந்தத்தோடதான் எடுக்கணும். ஏலத்துல யார் வாங்கினாலும் பதினாலு மாசம் உங்களை அசைக்க முடியாது. ஆனா ஓனரோட சொந்தக்காரங்க குடியிருந்தா அது கணக்குலயே வராது. கடன் வாங்கினவன் தன் ஆளுங்களுக்கே எழுதிக் குடுத்துட்டு வீட்டைப் பிடிச்சு வச்சுக்கக் கூடாதுல்ல, அதுக்காக வச்ச சட்டம்.”

“நான்தான் சொந்தமே இல்லையே.”

“அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பேப்பர்ல நீங்க கூடப்பிறந்த அக்கா. மரத்துல இருந்து விழுந்தவனுக்குச் சோறு ஊட்டின அக்கா.”

“ஒப்பந்தம் இருக்கே.”

“பதிவு பண்ணாத ஒப்பந்தம். நேத்து எழுதி நாலு வருஷத்துக்கு முன்னாடித் தேதி போட்டீங்கன்னு பேங்க் வக்கீல் சொல்லுவார். வாடகைக்கு ரசீது உண்டா?”

“கையில குடுத்தோம். சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போவான்.”

அவள் நெற்றியைத் தேய்த்தாள். “வெளி ஆள் யாராவது, கடனுக்கு முன்னாடியே, நீங்க வாடகைக்கு இருக்கீங்கன்னு தேதியோட எழுதி வச்ச பேப்பர் ஒண்ணு வேணும். ஒண்ணு போதும். தேடுங்க.”

தேடினேன். மின்சார ஆபீஸில் இணைப்பு ஓனர் பெயரில். தண்ணீர் ஆபீஸிலும் ஓனர் பெயரில். வரி ஆபீஸில் ஒருவர் என் ஒப்பந்தத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் படித்தார். “இதுக்கு எங்ககிட்ட என்ன இருக்கும்? ஓனரைக் கூட்டிட்டு வாங்க” என்றார். ஓனர் கிடைத்தால் நான் ஏன் உங்களிடம் வருகிறேன் என்று கேட்டேன். “சத்தம் போடாதீங்க, இது ஆபீஸ்” என்றார். ஒரு ஜன்னலில் அடுத்த ஜன்னலுக்குப் போ என்றார்கள், அடுத்த ஜன்னலில் சாப்பிடப் போயிருந்தார்கள். பதினோரு நாள் இப்படியே போனது. காலையில் அவருக்கு ஊசி, மத்தியானம் ஜன்னல், சாயங்காலம் கிளட்ச். கண்ணாடியில் என்னைப் பார்த்தால் எனக்கே திட்ட வேண்டும் போலிருந்தது.

அந்த வாரம் மெஷின் தண்ணீரைச் சோதிக்க ஆஸ்பத்திரி டெக்னீஷியன் வந்தார். மாதம் ஒருமுறை வருவார், அதிகம் பேசாத மனிதர். நான் அடுக்களையில் நின்று போனில் ரிவர்ஸிடம் கத்திக்கொண்டிருந்ததை முழுவதும் கேட்டுவிட்டு, குழாயை மாட்டிக்கொண்டே சொன்னார். “ஓனர் எழுத்துல சம்மதம் குடுக்காம நாங்க யார் வீட்டுச் சுவரையும் தொட மாட்டோமே. அந்தக் கடிதமும் வாடகை ஒப்பந்தத்தோட நகலும் ஆஸ்பத்திரியில உங்க பைல்ல இருக்கணும். வாங்கின அன்னைக்கே தேதி முத்திரை அடிப்போம்.”

நான் போனைக் கீழே வைக்கவில்லை, போட்டேன். கட்டிலில் அவர், “பதினோரு நாளா ஊரெல்லாம் சுத்தினே. இந்தா நிக்கற மெஷின்கிட்ட கேக்கலையே” என்றார். அவர் முன்பு லிப்ட் மெக்கானிக். எதிலும் மெஷினைத்தான் முதலில் கேட்பார்.

ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே. ஆஸ்பத்திரி ஆவண அறையில் இருந்தவர், நோயாளி நேரில் வர வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். அடையாள அட்டையில் பழைய முகவரி இருக்கிறது என்றார். மாற்றச் சொன்னால், முகவரி மாற்ற ஓனர் கடிதம் வேண்டும் என்றார். “அந்த ஓனர் கடிதத்தைத்தான்யா உன் பைல்லருந்து கேக்கறேன்” என்றேன். அவருக்கு அது ஒரு நியாயமாகவே படவில்லை. என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே, “சார், நான் மயக்கம் போட்டு விழுந்தா உங்க ஆபீஸ்லதான் விழுவேன். அதுக்கு எத்தனை பேப்பர் எழுதணும்னு பாத்துக்குங்க” என்றார். பத்து நிமிடத்தில் நகல் வந்தது.

அதில் சிரிச்ச மூஞ்சியின் கையெழுத்து. ‘என் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் இவர்களுடைய மருத்துவ வசதிக்காகச் சுவரை உடைக்கச் சம்மதிக்கிறேன்.’ அதன் மேல் ஆஸ்பத்திரி முத்திரை, கடன் வாங்குவதற்கு ஒரு வருடத்துக்கும் முந்தைய தேதி. நான் அந்தத் தாளை ரிவர்ஸ் மேஜையில் வைத்தபோது அவள் துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். படித்துவிட்டுத் தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

“மேடம், உங்க பயிற்சியாளர் லைசென்ஸ் வருஷா வருஷம் புதுப்பிக்கறதுதானே?”

“ஆமா.”

“அதுல பொய்யான ஆவணம் குடுத்ததா எந்த விசாரணையிலயும் பதிவாகலைன்னு உறுதிமொழி எழுதிக் குடுக்கணும், இல்லையா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் கடிதம் உண்மை என்றால் பேங்கில் கொடுத்தது பொய். பொய் சொன்னது நான். அதை என் வாயால் ஒத்துக்கொண்டால் வீடு நிற்கும், லைசென்ஸ் போகும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. சமைக்கக்கூட அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

எங்களை வெளியேற்றக் கூடாது என்று ரிவர்ஸ் மனுப் போட்டாள். அதன் விசாரணை நாள் காலை மெஷின் நாளாக அமைந்தது. தள்ளிப்போட முடியாது. எனக்குப் பதிலாக உட்கார ஒரு நர்ஸை ஏற்பாடு செய்துவிட்டு, ஊசியை நானே குத்தினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பேங்க்காரன் ஏதாவது கொஞ்சம் நாள் குடுத்தா வாங்கிட்டு வந்துடு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அங்க எல்லாரும் செத்தா போயிடறாங்க? உன் லைசென்ஸை மட்டும் விட்டுடாதே.”

“சரி” என்றேன்.

“வாயால சொல்லு.”

“அதான் சரின்னு சொல்லிட்டேன்ல” என்று எரிந்து விழுந்துவிட்டு வந்தேன்.

விசாரணை அறை சின்னது. ஒரு நீள மேஜை, எட்டு நாற்காலி, தண்ணீர் இல்லாத தண்ணீர்க் குடம். அதிகாரிக்குக் கடும் ஜலதோஷம். ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் கைக்குட்டையை எடுத்தார். பேங்க் வக்கீல் பக்கத்தில் சிரிச்ச மூஞ்சி உட்கார்ந்திருந்தான். நோட்டீஸ் ஒட்டியதிலிருந்து ஆளைக் காணோம், அன்று மட்டும் நேரத்துக்கு வந்திருந்தான். சிரிக்கவில்லை. இளைத்துப் போயிருந்தான். எனக்கு இரக்கம் வரவில்லை.

அன்று வீட்டை அளவெடுக்க வந்த பேங்க் ஆள் எழுதிய அறிக்கையைப் பேங்க் வக்கீல் சத்தமாகப் படித்தார். “‘உரிமையாளரின் மூத்த சகோதரி, தம்பி சிறு வயதில் மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டதாகவும், தாமே உணவு ஊட்டியதாகவும் தெரிவித்தார்.’ ஐயா, வாடகைக்காரங்க யாராவது ஓனருக்குச் சோறு ஊட்டுவாங்களா?” அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ரிவர்ஸ் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். பிரேக்கைத்தான் மிதிக்கிறாள் என்று புரிந்து வாயை மூடிக்கொண்டேன்.

அதிகாரி சிரிச்ச மூஞ்சியைப் பார்த்தார். “இவங்க உங்களுக்கு என்ன உறவு?”

அவன் மேஜையைப் பார்த்தான். “அக்கா சார்” என்றான். “கூடப்பிறந்த அக்கா.”

உண்மையைச் சொன்னால் பேங்க் அவன்மேல் மோசடி வழக்குப் போடும், அது எனக்குத் தெரியும். ஆனாலும் என் வீட்டுக்காரர் படுத்திருக்கிற கட்டிலை வந்து பார்த்தவன் அவன். சுவர் பெருசா மனுஷன் பெருசா என்று கேட்டவன். அந்த வாயாலேயே இதையும் சொன்னான். எழுந்து போய் அறைய வேண்டும் போலிருந்தது.

ரிவர்ஸ் ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்து நீட்டினாள். அதிகாரி முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேங்க் வக்கீல் எட்டிப் பார்த்தார். சிரிச்ச மூஞ்சி பார்க்கவே இல்லை.

“ரெண்டு பேப்பர்” என்றார் அதிகாரி. “ஒண்ணுல வாடகைக்காரங்க, ஒண்ணுல அக்கா. ரெண்டும் உண்மையா இருக்க முடியாது. எது பொய்ன்னு நீங்க சொல்லணும்மா. பேங்க்ல குடுத்தது பொய்ன்னா அதை நான் பதிவு பண்ணியாகணும். விளைவு உங்களுக்குத் தெரியும்தானே?”

பேங்க் வக்கீல் குரலைத் தாழ்த்தினார். “இந்த மனுவை வாபஸ் வாங்கிட்டா, காலி பண்ண அறுபது நாள் தர்றோம். அக்கான்னு கையெழுத்துப் போட்ட பேப்பரை யாரும் கிளற மாட்டோம். எல்லாருக்கும் நல்லது.”

ஐந்து நிமிடம் கொடுத்தார் அதிகாரி. ரிவர்ஸ் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். “நான் எதுவும் சொல்ல மாட்டேன் மேடம். ஸ்டீரிங் உங்க கையில” என்றாள். வீட்டுக்குப் போன் போடலாம் என்று எடுத்தேன். போட்டால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும், காலையிலேயே சொல்லிவிட்டார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். போனைப் பைக்குள் போட்டேன். அறுபது நாள். ஆஸ்பத்திரிப் படுக்கை. மூன்றாவது தடவை. இதில் யோசிக்க ஐந்து நிமிடம் எதற்கு? ஒரு நிமிடத்தில் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

“பேங்க்ல குடுத்தது பொய் சார்” என்றேன். “நான் அவருக்கு அக்காவும் இல்ல, தங்கச்சியும் இல்ல. அந்த மரமும் பொய், சோறும் பொய். எல்லாம் நானே சொன்னது. யாரும் என் கையைப் பிடிச்சு எழுத வைக்கல. எழுதிக்குங்க. ஆனா மாசம் தவறாம வாடகை குடுத்திருக்கேன். அதையும் சேர்த்து எழுதுங்க.”

எழுதினார். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் உத்தரவு தருவதாகச் சொன்னவர், ஜலதோஷத்தில் வீட்டுக்குப் போகிற அவசரமோ என்னவோ, அங்கேயே சொல்லிவிட்டார். ஒப்பந்தம் அடமானத்துக்கு முந்தியது, செல்லும். அது முடியும் வரை எங்களை யாரும் வெளியேற்றக் கூடாது, இனி வாடகை பேங்குக்கு. பேங்கில் கொடுத்த பொய்ப் பேப்பர் பற்றிய பதிவின் ஒரு நகல் லைசென்ஸ் அலுவலகத்துக்கு.

வெளியே வந்தபோது சிரிச்ச மூஞ்சி படிக்கட்டில் நின்றான். “மன்னிச்சுடுங்க” என்றான். அக்கா என்ற வார்த்தை அவன் வாய் வரை வந்து நின்றது, சொல்லவில்லை. நான் படி இறங்கினேன். நியாயம் கிடைத்த சந்தோஷம் என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. எல்லார்மேலும் ஆத்திரமாக வந்தது, என்மேல் கொஞ்சம் கூடுதலாக.

வீட்டுக்கு வந்ததும் நர்ஸ் எழுந்து, “இன்னும் ஒரு மணி நேரம் ஓடணும். பிரஷர் நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னாச்சு?”

“இருக்கலாம்.”

“எத்தனை நாள்?”

“பதினாலு மாசமும்.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு, “லைசென்ஸ்?” என்றார்.

பொய் சொல்லத் தெம்பில்லை. “போகுது” என்றேன்.

இருபத்தேழு வருடத்தில் அவர் என்னைத் திட்டியதே இல்லை. வீட்டில் திட்டுகிற வேலையை நான் ஒருத்தியே பார்த்துக்கொண்டேன். அன்று ஆரம்பித்தார். “யாரைக் கேட்டுப் பண்ணினே? காலையில என்ன சொல்லிட்டுப் போனே? உனக்கு மூளை இருக்கா? என்னைக் கட்டிக்கிட்டு அழறது போதாதா, சோத்துக்கும் வழி இல்லாமப் பண்ணிட்டு வந்து நிக்கிறியே. பத்தொன்பது வருஷம்டீ. நான் எத்தனை நாள் இருப்பேன்னு உனக்கு எவன் எழுதிக் குடுத்தான்?” எழ முயன்றார். ஊசி இருந்த கையை முழங்கையில் மடக்கிவிட்டார். மெஷின் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

நான் ஓடிப் போய் அவர் கையைப் பிடித்து நீட்டினேன். குழாயைப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினேன். சத்தம் நின்றது. ரத்தம் மறுபடி ஓடத் தொடங்கியது. அவர் கண்ணோரம் ஈரமாக இருந்தது. என்னுடையதும்.

“கையை மடக்காதீங்க” என்றேன். தலையணையை அவர் கைக்குக் கீழே செருகிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இப்பத் திட்டுங்க. எனக்கு எங்கயும் போற வேலை இல்ல.”